ஐயா கேட்ட ஓப்பன் ஃபைல்

2022 ஜூன் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். ஐயா என் டிடிபி கடைக்கு, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் கோர்த்துத் தரும் கடைக்கு, வந்திருந்தார். ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், அப்போது அவருக்கு 78 வயது. மணப்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகள் பாடும் விளையாட்டுப் பாட்டுகளையும், அவர்கள் வீட்டுப் பாட்டிகள் போடும் விடுகதைகளையும் நோட்டில் எழுதிவைத்தவர். 2004இல் அவற்றைச் சொந்தக் காசில் புத்தகமாகப் போட்டார். 176 பக்கம், அதாவது 16 பக்கம் கொண்ட 11 ஃபாரம், 500 பிரதி. பக்க வடிவமைப்பு நான்தான். அந்தப் பிரதிகள் தீர்ந்து பல வருடமாகிறது. கல்லூரியில் சேர்ந்திருந்த பேத்தி “மறுபடி போடலாம் தாத்தா” என்று பிடிவாதம் பிடிக்கவே, வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

“பழைய ஃபைல் இருக்கும்ல தம்பி? நாலு திருத்தம்தான். மத்தபடி அப்படியே இருக்கட்டும்.”

இருந்தது, திருத்தக்கூடிய ‘ஓப்பன் ஃபைல்’ ஆகவே. வேலை முடிந்த எதையும் நான் அழித்ததில்லை. சிடியில் எழுதி, உறையில் பெயரும் தேதியும் போட்டு, அலமாரியில் அடுக்கிவைக்கும் பழக்கம் கடை தொடங்கிய நாளிலிருந்து உண்டு. அவருடைய சிடியை இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டேன். அதைப் படிக்க ஒரு டிரைவை இரவல் வாங்கி மாட்டியதும், அத்தியாயம் அத்தியாயமாக ஃபைல்கள் திரையில் வரிசைகட்டின. ஐயா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் ஃபைலைச் சொடுக்கினேன். திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை.

அந்த நாளில் புத்தக வேலைக்கு நாங்கள் பயன்படுத்திய மென்பொருளை அதைத் தயாரித்தவர்களே எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். நான் மாதச் சந்தா கட்டி வைத்திருந்த புதிய மென்பொருளுக்கு அந்த ஃபைல் என்னவென்றே தெரியவில்லை. பழைய மென்பொருள் ஓடிய கணினி 2011இல் மதர்போர்டு போய் எடைக்குப் போனது. ஒருவேளை ஃபைல் திறந்திருந்தாலும் அடுத்த பூட்டு காத்திருந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு வருமுன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது, எழுத்துரு மாறினால் உரையே குழம்பிவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று குறியாக்கத் தரங்களை வகுத்த பிறகும் ஆளுக்கொரு குறியாக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வாங்கிய தொகுப்பும் தனக்கென்று ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. அது வேலை செய்ய, பிரிண்டர் போர்ட்டில் ஹார்டுவேர் லாக் என்ற, திருட்டு நகலைத் தடுக்கும் சின்னக் கருவியை மாட்ட வேண்டும். அந்த லாக் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. அதை மாட்டுவதற்கான போர்ட் இப்போதைய கணினிகளில் அநேகமாக வருவதில்லை.

பிடிஎஃப் எடுத்து வைத்திருக்கலாமே என்று தோன்றும். அப்போதெல்லாம் ஒரே கலர் புத்தகம் என்றால் லேசர் பிரிண்டரில் டிரேசிங் பேப்பரைப் போட்டு அவுட் எடுத்து, அதை அப்படியே பிளேட் போட அனுப்பிவிடுவோம். எங்கள் வேலையில் பிடிஎஃபுக்கு இடமே இருக்கவில்லை.

தெரிந்தவர்கள் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து ஐயா மறுபடி வந்தார்.

“அப்ப ஃபைல் இல்லையா தம்பி?”

“இருக்கு ஐயா. திறக்க முடியல.”

“இருக்குல்ல? அப்ப எங்கிட்ட குடுங்க. பேத்தி கம்ப்யூட்டர்தான் படிக்குது. அது எதாச்சும் பண்ணும்.”

சிடியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, உறையில் இருந்த தன் பெயரைப் படித்துப் பார்த்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, “இது என்னோட புத்தகம்தானே தம்பி?” என்றார். கோபம் துளியும் இல்லை. வகுப்பில் புரியாத பிள்ளை கேட்பது போல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டு அந்த ஊர்ப் பிள்ளைகளுடையது. நோட்டுப் போட்டு எழுதிய கை அவருடையது. அச்சுக்கூலி, பேப்பர், என் கூலி எல்லாம் அவர் பணம். பக்கங்களைக் கோர்த்தவன் நான். இத்தனை பேர் சேர்ந்து செய்த ஒன்றைத் திறந்து பார்க்கும் உரிமை மட்டும் எங்கள் யாரிடமும் இல்லை. அன்றிரவு கடையைப் பூட்டாமல் வெகுநேரம் அலமாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சிற்றிதழ்கள், இரண்டு முனைவர் பட்ட ஆய்வேடுகள், இறந்தவர்களுக்குப் பிள்ளைகள் போட்ட நினைவு மலர்கள். எல்லாம் அதே மாதிரி சிடிகளில் இருந்தன. அந்த மனிதர்களில் யார் வந்து கேட்டாலும் நான் சொல்லப்போவது ஒரே பதில்தான்.

காசு கொடுக்காத காலம்

நான் தொழில் கற்றுக்கொண்டது திருட்டு சிடியில். என் தலைமுறை டிடிபிக்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். சென்னை போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்துவிடுவார்கள். ஒரே சிடியில் ஓவியம், படம் திருத்துவது, பக்கம் கோர்ப்பது என்று எல்லா மென்பொருளும் இருக்கும், சீரியல் நம்பர் ஒரு துண்டுத் தாளில். அந்த மென்பொருள்களின் உண்மை விலை என் ஒரு வருடச் சம்பாத்தியத்தைவிட அதிகம். வேறு வழியில் நான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கவே முடியாது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதுவது சரியில்லை.

வெகுகாலம் நான் நினைத்துக்கொண்டிருந்தது, காசு கொடுக்கவில்லை, அதனால் யாருக்கும் கட்டுப்படவில்லை என்று. நடந்தது நேர்மாறு. காசு கொடுக்காத அந்த வருடங்களில்தான் விரல்கள் அந்த மென்பொருளின் குறுக்குவழிகளுக்குப் பழகின. என்னிடம் வேலை கற்ற பையன்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தேன். அச்சகங்கள் அந்த ஃபைலைத்தான் கேட்டன, நாங்களும் அதையே கொடுத்தோம். ஒரு ஊரே ஒரு மென்பொருளுக்குப் பழகிவிட்ட பிறகு அது மாதச் சந்தாவாக மாறியபோது, சரி கட்டுவோம் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வார்த்தை இல்லை. நானும் கட்டினேன். நேர்மையாகப் பணம் கட்டுகிறோம் என்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதம் கடை பூட்டியிருந்தது, சந்தாவும் நின்றுபோனது. திரும்பி வந்து கணினியைத் திறந்தால், பாதியில் விட்டிருந்த கல்யாணப் பத்திரிகையைத் திருத்த முடியவில்லை. நானே கோடு கோடாக வரைந்த பத்திரிகை அது. பணம் கட்டியதும் திறந்துகொண்டது, கோபமும் அதோடு தணிந்துவிட்டது. ஐயா கேட்ட பிறகுதான் அந்த நாள் மறுபடி நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு நடந்ததும் இன்று அவருக்கு நடந்ததும் ஒன்றேதான். நான் பணம் கட்டித் தப்பித்தேன். அவருக்கு அந்த வழியும் இல்லை.

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தி மாற்றக்கூடிய இயங்குதளத்துக்கான குனூ திட்டத்தை 1983இல் அறிவித்ததும், மென்பொருளுக்கு நான்கு சுதந்திரங்கள் வேண்டும் என்று பின்னால் வகுத்ததும் எனக்கு ஏற்கெனவே தெரியும். எந்த வேலைக்கும் இயக்கலாம், உள்ளே பார்த்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது, அவ்வப்போது படித்தும் இருக்கிறேன். ஆனால் அது நிரல் எழுதுகிறவர்களின் விஷயம், நமக்கு எதற்கு என்று கடந்துவிட்டேன். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல், அதனால் அவர்கள் விளக்கம் சொல்லியே களைத்துப்போகிறார்கள். நம்மிடம் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று நல்ல சொல் இருக்கிறது. அந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று என் தொழிலுக்குள் நான் தேடியதே இல்லை.

தேடியபோது கிடைத்த விடை எனக்கே வியப்பாக இருந்தது. மூன்றாவதாகச் சொல்லப்படும் சுதந்திரம், நகலெடுத்துக் கொடுப்பது, அதுதான் எங்கள் தொழிலின் உயிர்நாடி. நிரலை உள்ளே புகுந்து மாற்ற எனக்குத் தெரியாது, இனிமேல் கற்பேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் நான் செய்த வேலையை ஒருவர் கையில் கொடுக்கும்போது, அதைத் திறக்கும் கருவியையும் சேர்த்தே கொடுக்க முடிய வேண்டும். அவர் ஏழையாக இருக்கலாம், பழைய கணினி வைத்திருக்கலாம், 18 வருடம் கழித்து வரலாம். ஓவியரோ வடிவமைப்பாளரோ மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது தன் வசதிக்காக மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் நம் வேலையை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் சேர்த்து, அவர்களைக் கேட்காமலே, தேர்ந்தெடுக்கிறோம்.

கொம்பு நின்ற இடம்

சிடி கைக்குப் போன பத்து நாளில் பேத்தி போன் செய்தாள். சிடியை அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் புத்தகத்தின் பக்கங்களை ஸ்கேன் செய்து டெஸராக்டில் ஓட்டியிருந்தாள். எச்பி நிறுவனத்தில் எழுதப்பட்டு, 2005இல் யாரும் பார்த்து மாற்றக்கூடிய மூலநிரலோடு வெளியிடப்பட்ட எழுத்துணரி அது, படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றித் தரும், தமிழும் படிக்கும். வந்த பிரதியில் காலுக்குப் பதில் ரகரமும், ரகரத்துக்குப் பதில் காலும் நிறையவே வந்திருந்தன. பேச்சுவழக்குச் சொற்கள் சில வேறு சொற்களாகவே மாறியிருந்தன. தாத்தாவும் பேத்தியும் ஒரு மாதம் உட்கார்ந்து திருத்தினார்கள். அவர் பாடிக் காட்டுவாராம், அவள் திரையில் சரிபார்ப்பாளாம்.

“அண்ணா, இதை ஸ்கிரைபஸ்ல பண்ணலாமா?” என்று அவள்தான் கேட்டாள்.

எனக்கு உடனே பிடிக்கவில்லை. பக்கம் கோர்க்கும் கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸை 2012இல் ஒரு தடவை முயன்றிருக்கிறேன். ‘கொடி’ என்று தட்டினால் கொம்பு தன் இடத்தில் நிற்காமல் ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. தமிழை இரண்டு வரிகூட ஒழுங்காகக் கோர்க்க முடியாத ஒன்றை வைத்துப் புத்தகம் போடுவதா என்று அன்றே மூடிவைத்தேன். அதைச் சொன்னதும், “அது பழைய கதை அண்ணா, இப்ப வருது” என்றாள்.

வந்தது. 2017இல் வெளியான 1.5.3 பதிப்பிலிருந்து ஸ்கிரைபஸ் எழுத்துகளைச் சரியான வடிவில் கோர்க்கும் வேலையை, பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள். அந்த வேலையில் பெரும்பங்கு ஓமன் நாட்டுத் திறமூலக் குழு ஒன்றுடையது. அவர்களுக்கு அரபி சரியாக வர வேண்டியிருந்தது. வலமிருந்து இடமாகப் போகும் ஒரு மொழிக்காக யாரோ எழுதியதில், மணப்பாறைப் பாட்டின் கொம்பு தன் இடத்துக்கு வந்து நின்றது. மூலநிரல் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. திரையில் ‘கொடி’ சரியாகத் தெரிந்தபோது, எழுத்தை 20 மடங்கு பெரிதாக்கி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்படியும் பயம் விடவில்லை. ஒரு முழு வேலையை இதில் நம்பி இறக்கலாமா? கேரளத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதும்தான் தைரியம் வந்தது. ஜனயுகம் என்ற மலையாள நாளிதழ் 2019இல் தன் அச்சு வேலை முழுவதையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிவிட்டது. பக்கத்துக்கு ஸ்கிரைபஸ், படத்துக்கு கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், கிரிட்டா. நாளிதழ் என்றால் ராத்திரி குறித்த நேரத்துக்குப் பக்கம் போயாக வேண்டும், நாளை பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. அவர்களால் தினமும் முடிகிறதென்றால் என் 11 ஃபாரம் எம்மாத்திரம்.

நாலு பிளேட்டில் கறுப்பு

எல்லாம் சுலபமாக நடந்தது என்று எழுத மாட்டேன். அட்டையை இங்க்ஸ்கேப்பில் வரைந்தேன். கோடு போடுவதற்கு அது எனக்கு உடனே பிடித்துப்போனது. ஆனால் அது திரை நிறங்களில், ஆர்ஜிபியில் வேலை செய்வது. அச்சோ சிஎம்ஒய்கே என்ற நாலு மைகளில், மைக்கு ஒரு பிளேட்டாகப் போவது. அதிலிருந்து நேராக பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிட்டேன். அச்சகத்திலிருந்து போன். “அண்ணே, அட்டையில கறுப்பு எழுத்து நாலு பிளேட்லயும் வருது. பிளேட் ஒரு முடி விலகிப் பதிஞ்சாலும் எழுத்து கலங்கிடும்.” இருபது வருடம் தொழில் செய்கிறவனிடம் இதைச் சொல்ல வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அப்புறம் வழி கண்டுபிடித்தேன். இங்க்ஸ்கேப் படத்தை எஸ்விஜி என்ற கோட்டுப்பட ஃபைலாகவே ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து, அங்கே நிறப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு நிறத்தையும் சிஎம்ஒய்கேவாக மாற்றி, கறுப்பை நூறு சதம் கறுப்பாக மட்டும் வைக்க வேண்டும். வண்ணம் தீட்டிய ஓவியம் என்றால் கிரிட்டாவில் ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கேவில் தொடங்கலாம். பழகிவிட்டால் பத்து நிமிட வேலை. பழகும்வரை ஒவ்வொன்றும் அரை நாளைத் தின்றது.

வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் இந்தச் சிரமத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டற்றது என்பதாலேயே எல்லாவற்றிலும் மேலானது என்று சொல்லி அனுப்பினால், முதல் சிக்கலிலேயே திரும்பி ஓடிவிடுவார்கள். நான்கூட முழுதாக மாறிவிடவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் குறிப்பிட்ட மென்பொருளின் ஃபைல்தான் வேண்டும் என்கிறார்கள், அவர்களுக்காக ஒரு கணினியில் சந்தா ஓடிக்கொண்டிருக்கிறது. கூலிக்கு வேலை செய்கிறவர் தன் முதலாளி சொல்லும் மென்பொருளில்தான் செய்ய முடியும். அவரைப் பார்த்து நீ கட்டுண்டு கிடக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் நான் இருக்கும்போது, புதிய வேலை எதையும் பூட்டுப் போட்ட ஃபைலில் தொடங்குவதில்லை.

மென்பொருளைவிட நாம் மறந்துவிடுவது எழுத்துருவை. ஸ்கிரைபஸில் கோர்த்துவிட்டு, பகிரக் கூடாத எழுத்துருவைப் போட்டால் பழைய லாக் கதைதான். ஐயாவின் புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழும், தலைப்புகளுக்கு மீரா இனிமையும் வைத்தேன். மீரா இனிமை மலையாள எழுத்துருக்காரர்கள் தமிழுக்குச் செய்து கொடுத்தது. இரண்டும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. ஃபைலோடு சேர்த்து யாருக்கும் கொடுக்கலாம், தேவைப்பட்டால் திருத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

இந்தச் சமயத்தில் ப்ளெண்டரின் வரலாற்றைப் படித்தேன். முப்பரிமாண மென்பொருள், என் வேலைக்கு அது தேவையில்லை. ஆனால் அந்தக் கதை என்னை விடவில்லை. 2002இல் அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டது. எங்கள் பழைய மென்பொருள் போல அதுவும் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. அதை உருவாக்கிய டான் ரூசெண்டால், ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலை விட்டுவிடுகிறோம் என்று முதலீட்டாளர்களிடம் ஒப்புதல் வாங்கினார். பயனர்கள் ஏழே வாரத்தில் பணத்தைத் திரட்டிவிட்டார்கள். அந்த அக்டோபரிலேயே அது, நகலெடுக்கவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2025இல் அனிமேஷனுக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்விய நாட்டுப் படம் அதில் செய்ததுதான். ஐயாவின் புத்தகத்தை நான் முதலில் கோர்ப்பதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே ப்ளெண்டர் திறந்துவிடப்பட்டிருந்தது. அன்றைக்கே இப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. என் மென்பொருளுக்கு அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது.

ஐயாவின் புத்தகம் 2022 டிசம்பரில் வந்தது. பிரதிகளோடு ஐயாவிடம் ஒரு பென்டிரைவையும் கொடுத்தேன். அதில் ஸ்கிரைபஸ் ஃபைல், எஸ்விஜி படங்கள், இரண்டு எழுத்துருக்கள், அச்சுக்குப் போன பிடிஎஃப், வெறும் உரையாக ஒரு பிரதி. ஸ்கிரைபஸை நிறுவும் ஃபைலையும் அதிலேயே போட்டிருந்தேன். அதன் ஃபைல் எக்ஸ்எம்எல் உரைதான். ஸ்கிரைபஸே ஒருநாள் இல்லாமல் போனாலும் சாதாரண எடிட்டரில் திறந்தால் பாட்டு வரிகளைப் படித்துவிடலாம். இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்தி, “அப்ப இது இனி எங்களோடதா?” என்றார். ஆமாம் ஐயா என்றேன். பென்டிரைவைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

போன வருடம் தபாலில் ஒரு பிரதி வந்தது. மூன்றாம் பதிப்பு. நான் ஒன்றும் செய்திருக்கவில்லை, பேத்தியே கோர்த்திருந்தாள். புரட்டினால் 192 பக்கம், 12 ஃபாரம். 177ஆம் பக்கத்திலிருந்து புதுப் பாட்டுகள். தலைப்புக்கு மேலே நான் விடும் இடத்தைவிடக் கொஞ்சம் குறைவாக விட்டிருந்தாள், ஒரு பக்கத்தில் கடைசி வரி தனியாக அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. மற்றபடி என் பக்கங்களுக்கும் அவள் பக்கங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போன் செய்தேன். ஐயாதான் எடுத்தார். இந்தப் பாட்டெல்லாம் முன்னால் இல்லையே ஐயா, எங்கே இருந்தது என்று கேட்டேன்.

“நோட்டுலயும் இல்ல தம்பி. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தா ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. புள்ளை பக்கத்துல இருந்தா உடனே ஏத்திடுது.”